மூடியைத் தூக்கிய மூச்சு

மண் மூச்சு விடும் என்று மிஸ் முதலில் சொன்னபோது எங்கள் கூலிக் கேங்கில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேஸ்திரி சிரித்துவிட்டால் அன்றைக்கு வேலை நடக்காது.

நீங்கள் இப்போது சின்னப் பெட்டி ஒன்றை மண்ணின் மேல் வைக்கிறீர்கள். அது தானாகவே எண்ணைக் காட்டுகிறது. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள், பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அப்போது உங்களில் ஒரு பெண் "உங்க காலத்துல எப்படிம்மா அளந்தீங்க?" என்று கேட்டாள். எப்படி அளந்தோம் என்பதை உங்கள் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். எங்கே தடுக்கி விழப் பார்த்தோம் என்று போட்டிருக்க மாட்டார்கள். அதைச் சொல்கிறேன். எழுத்து எனக்கு வயசு போன பிறகு வந்தது. மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

வெள்ளைக்காரப் பட்டாளம் கண்டோன்மென்டைக் காலி செய்துவிட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வடக்கே, ஓர் ஏரியை ஒட்டி, சின்ன ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருந்தது. இன்றைக்கு அந்த இடமெல்லாம் வீடு. அங்கே ஆண் மேஸ்திரிகள் இருந்தார்கள். பெண் மேஸ்திரி நான் ஒருத்திதான். அல்சூரிலிருந்து நடந்து போய், பேர் கூப்பிடுவதற்கு முன்பே கேட்டில் நிற்பேன். என் கேங்கு தொட்ட பாத்தியை இன்னொருத்தர் வந்து திருத்த வேண்டி வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பண்ணைக்கு மண்ணை ஆராய வந்த மிஸ் மைசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டார். பெரிய படிப்பு படித்தவர், என்னைவிட வயசில் சின்னவர். அவருடைய கேள்வி ஒன்றுதான். பகலில் செடி காற்றில் இருக்கும் கரியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மண்ணும், அதில் இருக்கிற வேரும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் மூச்சு விடும்போது அந்தக் கரி காற்றுக்கே திரும்பிப் போகிறது. சூடு கூடினால் இந்த இரண்டில் எது அதிகம் கூடும்? இழுப்பதா, விடுவதா? இப்போது உலகமே சூடாகிறது என்று நீங்கள் இதே கேள்வியைக் கேட்கிறீர்கள். அந்த நாளில் இதை யாரும் கேட்கவில்லை. பண்ணை சூப்பரின்டெண்டென்ட்கூட "இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை" என்றுதான் முதலில் சொன்னார்.

பட்டாளத்தார் தங்கியிருந்த பாரக்ஸை இடித்தபோது ஏலத்தில் வந்த ஜன்னல் கண்ணாடிகளை வாங்கி, சில ராகிப் பாத்திகளைச் சுற்றிக் கூண்டு கட்டினோம். கூண்டுக்குள் வெயில் தங்கும், மண் சுடும். பக்கத்துப் பாத்திகளைத் திறந்தபடி விட்டோம். எல்லாப் பாத்தியிலும் செடிகளுக்கு நடுவே இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி, உள்ளே ஒரு கிண்ணம் சோடாக் காரம் கரைத்த தண்ணீர் வைத்து, மேலே தகர மூடி போடுவோம். மண் விடும் மூச்சை அந்தத் தண்ணீர் குடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் எடுத்துப் போய் மிஸ் அளப்பார். செடி இழுப்பதை அளக்க, சில செடிகளின் மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் விளிம்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தியிருந்தோம்.

எங்கள் சிரிப்பை நிறுத்த மிஸ் ஒரு வேடிக்கை காட்டினார். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சீசாவில் ஊற்றி, பப்பாளி இலைத் தண்டை அதில் விட்டு, ஆளுக்கொரு தரம் ஊதச் சொன்னார். ஊத ஊதத் தண்ணீர் பால்போல் வெளுத்தது. "நீங்க விடுற மூச்சு இதுதான். மண்ணு விடுறதும் இதேதான்" என்றார்.

"அடியாத்தி! வெத்தலைக்குப் போட்டா வாய் செவக்குது, வாயால ஊதினா இது வெளுக்குதே!" என்றாள் முனியம்மா.

முனியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளாக்பள்ளிக்காரி. கூலிக்கு வந்த பெண்களிலேயே நாக்கு நீளம், கையும் வேகம். புருஷன் கல்யாணச் சமையல்காரர்களோடு தேக்சா என்கிற பெரிய அண்டாவில் பிரியாணி கிண்டப் போகிறவன். முகூர்த்த மாசம் தவிர மற்ற மாசமெல்லாம் வீட்டில் படுத்திருப்பான். இவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. ஒரு வாரம் வேலை நின்றால் அந்த வீட்டில் பசிதான். பண்ணையில் எல்லாருக்கும் இது தெரியும்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வெயில் ஏறியதும் எங்களுக்கு ஒரு தொல்லை. மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஏரிக் களிமண் வைத்துத்தான் அடைத்துக்கொண்டிருந்தோம். கூண்டுக்குள் இருந்த சூட்டில் களிமண் மத்தியானத்துக்குள் காய்ந்து வெடித்தது. வெடித்தால் மூச்சு வெளியே போய்விடும், அன்றைய அளவு வீண். ஈரத் துணி சுற்றிப் பார்த்தோம், நிற்கவில்லை. மிஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது முனியம்மா சொன்னாள்: "இதுக்கா இம்மாம் பேஜாரு? பிரியாணிக்கு தம்மு போடுறப்ப தேக்சா மூடிய மாவ வெச்சிதான் ஒட்டுறாங்க. நெருப்புலயே அது வெடிக்கல. இந்த வெயிலுக்கா வெடிக்கும்?"

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "செஞ்சு காட்டுங்க" என்றார்.

மைதா கிடைக்கிற காலமா அது? முனியம்மா ராகி மாவைத்தான் எடுத்தாள். வெறும் தண்ணீரில் பிசைந்தால் உதிர்கிறது என்று, முதல் நாள் கஞ்சித் தண்ணீரை ஊற்றி வீட்டிலேயே பிசைந்து, உருட்டி, அலுமினியப் போசியில் போட்டு மூடி எடுத்து வருவாள். கயிறுபோல் திரித்து வளையத்தின் மேல் சுற்றி, மூடியை வைத்து அமுக்கினால் உள்ளேயும் வெளியேயும் பிதுங்கி, கச்சிதமாக ஒட்டும். மறுநாள் காலைவரை ஒரு கீறல் விழவில்லை. நான் நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சரி என்றேன். மிஸ்ஸும் சரி என்றார். சூப்பரின்டெண்டென்ட் வந்து பார்த்துவிட்டு "பலே" என்றார்.

அதற்கப்புறம்தான் ஆச்சரியம். கூண்டுப் பாத்திகளின் மூச்சு மளமளவென்று ஏறியது. திறந்த பாத்தியிலும் கொஞ்சம் கூடியது, ஆனால் கூண்டுக்குள் கூடியதைப் பார்த்து மிஸ்ஸே இரண்டு தரம் அளந்தார். களிமண் அடைத்த நாளெல்லாம் கூண்டு மண் பக்கத்து மண்ணைவிடச் சுமாராகத்தான் அதிகம் விட்டது. இப்போதோ மண்ணுக்கு இரைப்பு நோய் வந்த மாதிரி. களிமண் வெடிப்பில் அத்தனை நாளும் மூச்சு வெளியே போயிருக்கிறது, இப்போதுதான் சரியாகப் பிடிக்கிறோம் என்று மிஸ் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

சூப்பரின்டெண்டென்டுக்குத் தலைகால் புரியவில்லை. வேலையற்ற வேலை என்று சொன்னவர், மேலே எழுதிப்போட்டு, கமிட்டியையே வரவழைத்துவிட்டார். மிஸ்ஸுக்குக் கொடுத்திருந்த தவணை அந்த வெயில் காலத்தோடு முடிகிறது. கமிட்டி சரி என்றால் அவர் தொடரலாம். இல்லையென்றால் கூண்டைப் பிரித்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

கமிட்டி வருகிற அன்று காலையில் நான் பேர் கூப்பிடுவதற்கு முன்பே பாத்திக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்து வைக்கலாம் என்று போனவள், கூண்டுக்குள் குனிந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மூடி ஒரு பக்கம் மேலே எழும்பியிருந்தது. யாரோ கீழேயிருந்து விரலால் தூக்கிப் பிடித்த மாதிரி. முதல் நாள் அதை ஒட்டியது முனியம்மா. பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று மாவை இரட்டைத் தடிப்பாக வைத்திருந்தாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மண்ணின் மூச்சு தகர மூடியையே தூக்குகிறது என்று தோன்றியது. மிஸ் ஜெயித்துவிட்டார் என்று ஓடினேன்.

"மிஸ், சீக்கிரம் வாங்க! மண்ணு மூச்சு மூடியவே தூக்கிடுச்சு!"

மிஸ்ஸும் ஓடி வந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி மண்டியிட்டு உட்கார்ந்து, மூடியைக் கையில் எடுத்தார். விளிம்பில் இருந்த மாவைப் பிட்டார். வெளித்தோல் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் ஓட்டை ஓட்டையாக உப்பியிருந்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோனார். புளித்த வாசனை எனக்கே அடித்தது.

மலர்ந்திருந்த முகம் அணைந்துபோயிற்று. நேரே லேபுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். ஒரு சீசாவில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி, மாவை ஒரு சின்னக் கிண்ணியில் வைத்து, நூல் கட்டி உள்ளே தொங்கவிட்டு மூடினார். ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீரின் மேல் மெல்ல வெள்ளை ஆடை படர்ந்தது.

"மேஸ்திரியம்மா" என்றார். "மாவும் மூச்சு விடுது. சூட்டுல இன்னும் நிறைய விடுது. அதைத்தான் மண்ணு கணக்குல சேர்த்திருக்கோம்."

இட்லிக்கு அரைத்து வைத்தால் வெயில் நாளில் சீக்கிரம் பொங்குகிறது, தை மாசம் என்றால் மதியம்வரை படுத்திருக்கிறது. எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதிதானே இது! அடுப்படியில் தெரிந்தது பாத்திக்கு வந்ததும் எங்கள் யாருக்கும் தெரியாமல் போயிற்று. மிஸ்ஸுக்கும் போயிற்று, எனக்கும் போயிற்று.

நான் முதலில் கேட்டது என்ன என்பதை மறைக்கவில்லை. "இது இன்னும் யாருக்கும் தெரியாது மிஸ். இன்னிக்கி அவங்க வந்துட்டுப் போகட்டும். நாளைக்கு சொல்லலாமே" என்றேன்.

மிஸ் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு என் வாயால அந்த எண்ணைச் சொல்லிட்டா, அது அவங்க எழுத்துல போயிடும். நாளைக்கு அதை இழுத்துப் பிடிக்க என்னால ஆகாது."

"சொன்னா உங்களை ஊருக்கு அனுப்பிடுவாங்களே."

"அனுப்பலாம்."

"முனியம்மாவையும் அனுப்பிடுவாங்க மிஸ். உங்களுக்காவது ஊர்ல ஒரு வீடு இருக்குது."

இதைச் சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பினார். அந்த நிமிஷம்வரை அவருக்கு அது தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. படித்தவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள்; எண்ணுக்குப் பின்னால் எந்த வீட்டு அடுப்பு இருக்கிறது என்று மேஸ்திரிதான் பார்க்க வேண்டும். நம் வேலையில் அதுவும் சேர்த்திதான், மறக்காதீர்கள்.

"உண்மையைச் சொல்லணும்" என்றார். "முனியம்மாவும் இருக்கணும். ரெண்டும் நடக்கணும்னா எப்படிச் சொல்றது?"

முதலில், மாவு விடும் மூச்சை எல்லாரும் கண்ணால் பார்க்கும்படி ஒன்று செய்தோம். வராந்தாவில் கிடந்த கருங்கல் பலகையை நான்கு பெண்களை விட்டுத் தூக்கி வரச்சொல்லி, கூண்டுக்குள் வைத்தோம். மண்ணே இல்லாத வெறுங்கல். அதன்மேல் ஒரு வளையம், வளையத்துக்குள் ஒரு கிண்ணம் சுண்ணாம்புத் தண்ணீர், மேலே மூடி. ஒட்டுவதற்கு மாவு வேண்டும். சரியாக அந்த நேரத்துக்கு முனியம்மா போசியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தலையில் பூ, கட்டியிருந்தது நல்ல சேலை.

"இன்னாக்கா, கல்லும் மூச்சு வுடுமா? எப்பக்கா சொல்லப் போறாங்க, என் வூட்டுக்காரரும் மூச்சு வுடுறாருன்னு? அவரு படுத்துகினே வுடுறாரே, அத்த அளக்கச் சொல்லு!"

பெண்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்க முயன்றார். முனியம்மா கல்லின் மேல் மாவைச் சுற்றி, கட்டை விரலால் அழகாக அமுக்கிவிட்டு, "பார்த்துக்கோ, சோக்கா கீது" என்றாள். தன் வேலைக்கே வைக்கிற வெடியைத் தன் கையாலேயே வைக்கிறாள், அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அழுது புலம்பி எல்லாரையும் கூட்டிவிடுவாள். அதனால் அடக்கிக்கொண்டு, "நீ கடைசிப் பாத்திக்குப் போய்க் களை எடு. நான் கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே" என்றேன்.

"பெரிய மனுசங்க வர்றப்ப நான் களை எடுக்கணுமா? எல்லாம் உங்க பவுசுக்குத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வெயில் ஏறியதும் இரண்டு கார் வந்தது. கோட்டு போட்டவர்கள் சிலரும், கையில் தடியோடு ஒரு வயசான பெரியவரும் இறங்கினார்கள். அவர்தான் தலைவர் என்பது மற்றவர்கள் அவருக்கு வழிவிட்டதிலேயே தெரிந்தது. சூப்பரின்டெண்டென்ட் முன்னால் ஓடினார். கழுத்தில் டை, நெற்றியில் வேர்வை. கூண்டுப் பாத்திகளைக் காட்டி, மண் எப்படி இரைக்கிறது என்று அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

மிஸ் குறுக்கே வந்தார். "சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும்" என்று சொல்லி, கருங்கல்லின் மேலிருந்த மூடியைத் திறந்தார். உள்ளே சுண்ணாம்புத் தண்ணீரின் மேல் வெள்ளை ஆடை கட்டியிருந்தது.

"இங்கே மண்ணே இல்லை" என்றார். "இது இந்த ஒட்டு மாவு விட்ட மூச்சு. இந்த மாசத்து அளவு எல்லாம் இதனால கெட்டுப்போச்சு. நான் எழுதினதை நீங்க எடுத்துக்கக் கூடாது. காலையிலதான் கண்டுபிடிச்சோம்."

சூப்பரின்டெண்டென்டின் முகம் கறுத்தது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் பெரியவர்கள் முன்னால் மாட்டிக்கொண்டவர். பெரியவரிடம் கன்னடத்தில், கூலி ஆட்கள் கேட்காமல் செய்த தப்பு இது, இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றார். எனக்குக் கன்னடம் புரியாது என்று நினைத்தார்போல. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"யார் பிசைஞ்சது மேஸ்திரி? பேரைச் சொல்லு."

பிள்ளைகளா, இந்த மாதிரி கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். பேரைச் சொன்னால் ஓர் ஆள் போய்விடும். தெரியாது என்றால் அது பொய். மிஸ் தன் பிழைப்பையே வைத்து உண்மை பேசி நிற்கிற இடத்தில் நான் பொய் பேசினால், அவர் பேசியதும் அழுக்காகிவிடும். யோசிக்க நேரம் இல்லை. நடந்ததை நடந்தபடியே, ஒருத்தரையும் விடாமல் சொல்லிவிடலாம் என்று மட்டும் தோன்றியது.

"பிசைஞ்சது என் கேங்கு சார். ஒட்டுதான்னு சுரண்டிப் பார்த்தது நான். சரின்னு சொன்னது மிஸ். வந்து பார்த்துட்டு பலேன்னது நீங்க. இதுல எந்தப் பேரை சார் சொல்லணும்?"

கோட்டு போட்ட ஒருத்தர் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். "ஆமா, சரின்னு சொன்னது நான்தான்" என்று மிஸ் ஒரு அடி முன்னால் வந்தார். அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான்தான் சார் பிசைஞ்சேன்! இன்னா இப்போ?"

முனியம்மா களைக்கொத்தோடு நிற்கிறாள். வராதே என்றால் வருவாள், அதுதான் முனியம்மா. நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுடைய மாவைப் பற்றிப் பேச்சு என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். தமிழிலேயே கேட்டார்: "எதை ஊத்திப் பிசைஞ்சே?"

"நேத்திக்கி கஞ்சித் தண்ணி சாமி. அத்த ஊத்தினாத்தான் புடிச்சிக்கும். அம்மாம் பெரிய பிரியாணி தேக்சாவுக்கே நிக்குது, இத்தினிக்கூண்டு டப்பாவுக்கு நிக்காதா?"

பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சூப்பரின்டெண்டென்ட் மட்டும் சிரிக்கவில்லை. முனியம்மா எல்லாரும் தன்னை மெச்சுகிறார்கள் என்று நினைத்துப் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

சிரித்து முடித்ததும் பெரியவர் மிஸ் பக்கம் திரும்பினார். "சரி, மாவைத் தள்ளிடுவோம். மண்ணு என்ன சொல்லுது?"

அந்த நாளில் நான் மிஸ்ஸைப் பார்த்து மலைத்தது இந்த இடத்தில்தான். தடுமாறாமல் சொன்னார். களிமண் வெடிக்காமல் இருந்த நாட்களின் அளவு மட்டும் நம்பக்கூடியது. அதில் கூண்டு மண் சூட்டில் அதிகமாகத்தான் மூச்சு விட்டது, ஆனால் இரைக்கவில்லை. செடியின் மேல் கவிழ்த்த கண்ணாடிப் பெட்டியோ தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது, அதற்கு ஒட்டே கிடையாது, அதனால் செடியின் அளவு கெடவில்லை. காலைச் சூட்டில் ராகி நன்றாகவே கரியை இழுத்தது. உச்சி வெயிலில் கூண்டுக்குள் இலை சுருண்டு, இழுப்பதை நிறுத்திவிட்டது. மண் நிறுத்தவில்லை. "செடி அலுத்துப்போகுது சார், மண்ணு அலுக்கறதில்லை. இவ்வளவுதான் இப்போ என்னால நேர்மையா சொல்ல முடியும்" என்றார்.

பெரியவர் அந்தக் கருங்கல்லைத் தடியால் தட்டினார். "செடிப் பெட்டி மாதிரியே மண்ணு வளையத்துக்கும் மேலே ஒரு பள்ளம் வெச்சுத் தண்ணி ஊத்திடுங்களேன். மூடி விளிம்பு அந்தத் தண்ணிக்குள்ள முங்கி நிக்கட்டும், எறும்பு ஏறாம இருக்க அலமாரிக் காலைத் தண்ணிக் கிண்ணத்துல வைக்கிற மாதிரி. இன்னொரு போகம் அளங்க. நான் எழுதித் தர்றேன்" என்றார். மிஸ் கையைக் கூப்பினார். எனக்குப் பாதி மூச்சு வந்தது. மீதிப் பாதி வரவில்லை, ஏனென்றால் முனியம்மாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கார் போனதும் சூப்பரின்டெண்டென்ட் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து டையைக் கழற்றினார். நான் போய்ப் படிக்குக் கீழே நின்றேன்.

"ஏனும்மா மேஸ்திரி, இன்னும் என்ன?"

"முனியம்மா விஷயம் சார்."

"வாய் வேற அவளுக்கு. பெரியவங்க முன்னாடி என் மானம் போச்சு."

"சார், ஒண்ணு சொல்றேன். மூடி தூக்கிக்கினு நிக்குதுன்னு காலையில நான் ஓடி வந்து சொன்னேன். சொன்னதாலதான் இன்னிக்கி தப்பிச்சோம். நாளைக்கி முனியம்மா இல்லேன்னா, இனிமே எவளும் ஓடி வர மாட்டா. கிண்ணம் கவுந்தாலும் நிமித்தி வெச்சிட்டுத் தண்ணி ஊத்திடுவா. நீங்களும் மிஸ்ஸும் அந்தத் தண்ணிய அளந்துகினே இருப்பீங்க."

அவர் டையைச் சுருட்டி மேசையில் வைத்தார். "நாளைக்கு ஹாஜர் கூப்பிடுறப்ப பாத்துக்கலாம், போ" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. மிஸ்ஸும் தனியாகப் போய்ப் பேசினார், அவருக்கும் அதே பதில்தான். வீட்டுக்குப் போகும் வழியில் முனியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. "மாவு பொங்குற மாசம்னு எனக்குத் தெரியாதாக்கா? அது எங்கேயோ வேற வேலையில போய்க் குந்தினதும் மறந்துட்டேனே" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நீங்கள் பெரிய பெரிய கருவியோடு போகிறீர்கள். எந்தக் கருவிக்கும் ஒரு ஒட்டு உண்டு, அதைச் செய்வதற்கு ஒரு கை உண்டு. எண் திடீரென்று அழகாக வந்தால் முதலில் அந்த ஒட்டைப் பாருங்கள். ஒட்டு கெட்டிருந்தால் ஒட்டை மாற்றுங்கள். கையை வெட்டினீர்கள் என்றால் அப்புறம் உங்களிடம் வந்து சொல்ல ஆள் இருக்காது. அன்று எனக்கு இதில் பாதிதான் தெரியும். மறுநாள் காலையில் மீதியும் தெரிந்தது.

மறுநாள் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம். சூப்பரின்டெண்டென்ட் பேர் கூப்பிட ஆரம்பித்தார். லட்சுமம்மா, ஹாஜர். கௌரம்மா, ஹாஜர். முனியம்மாவின் பேர் வழக்கமாக வருகிற இடம் வந்தது. அவர் அதைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிட்டார். என் பக்கத்தில் நின்ற முனியம்மா போசியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அதில் மாவு இல்லை, களியும் கீரையும்தான் இருந்தது. ஒவ்வொரு பேராகப் போயிற்று. லேப் வாசலில் மிஸ் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பேரும் முடிந்தது.

சூப்பரின்டெண்டென்ட் தொண்டையைச் செருமினார். எங்கள் யாரையும் பார்க்காமல் ஏரியைப் பார்த்தார்.

"முனியம்மா. இனிமே ஒட்டு வேலை வேண்டாம். வளையத்துக்குத் தண்ணி ஊத்துற வேலை. ஊத்துறதுக்கு முன்னாடி அதுல என்ன கலந்திருக்குன்னு மிஸ்கிட்ட காட்டணும். இருக்கியா?"

"ஹாஜர் சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகூட நிமிர்ந்து பார்த்தது. மிஸ் வாசல் தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை, மேஸ்திரி ஆயிற்றே. குடத்தை எடுத்து அவள் இடுப்பில் வைத்து, "போடீ, வெயில் ஏறுது" என்றேன்.